உள்ளூரா, வெளியூரா என்று கேட்ட கதவுகள்

காற்றுக்குக் காத்திருந்து கப்பல்கள் புறப்பட்ட முன்னொரு காலத்தில், நாகப்பட்டினத்தில் உமையாள் என்று ஒரு மிளகு வியாபாரி இருந்தாள். வயது நாற்பது. எதையும் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். நெடுநாளாக அவள் மனசில் ஓர் ஆசை. "நம்ம மிளகு கப்பலேறிப் போகிறதே, கடைசியில் எந்த ஊர் அடுப்பில் போய் விழுகிறது? அந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும்" என்பாள்.

ஒரு தை மாதம் புறப்பட்டே விட்டாள். பெரிய கடலைக் கடந்தாள், பாலைவனத்தைக் கடந்தாள், கருங்கடலைக் கடந்தாள். வழிநெடுகக் கூட வந்தவர்களிடம் பேசிப் பேசி அவர்கள் மொழியையும் கற்றுக்கொண்டாள். ருமேனிய நாட்டு மலையடிவாரத்தில் ஆல்பினா என்ற சின்ன நகரத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஐப்பசி பாதி போயிருந்தது. மலை உச்சிகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

நகரத்து வாசலில் அவளை யாரும் தடுக்கவில்லை. காவல்காரன் ஒருவன் இருந்தான். ஆனால் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு, தன் காவல் குடிசைக் கதவிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தான்.

உள்ளே போனால் அழகான ஊர். மஞ்சளும் பச்சையும் நீலமுமாகச் சுவர்கள். செங்குத்தான ஓட்டுக் கூரைகள். ஒவ்வொரு கூரையிலும் பாதி மூடிய கண்போல ஒரு சின்ன ஜன்னல். கல் பாவிய சதுக்கத்தின் நடுவே ஒரு கிணறு, அதைச் சுற்றி வாத்துக்கூட்டம். எல்லாம் இருந்தது. ஆனால் மனிதர்கள் ஒருவரும் வீட்டுக்குள் இல்லை. சிலர் மாட்டு வண்டிக்கு அடியில் குடியிருந்தார்கள். சிலர் வைக்கோலைக் குவித்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். சிலர் தங்கள் வீட்டு இறவாரத்துக்குக் கீழேயே சட்டி பானையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

உமையாளுக்குக் கால் வலித்தது. எதிரே இருந்த சத்திரத்துக் கதவைத் தட்டினாள்.

"உள்ளூரா? வெளியூரா?" என்று கதவே கேட்டது. காய்ந்த மரம் உராய்கிற குரல்.

உமையாள் ஒரு கணம் திகைத்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்து, "வெளியூர்" என்றாள்.

கதவு திறந்தது.

அடுத்த நிமிஷம் ஊரே அவளைச் சூழ்ந்துகொண்டது. வெள்ளை மீசைக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் நகரத் தலைவர் தனாசே.

"அம்மா, ஆறு மாதமாக இந்த ஊரில் ஒரு கதவு திறக்கவில்லை" என்றார் அவர். பிறகு நடந்ததைச் சொன்னார்.

அந்த மலைகளில் மேகங்களை ஆடுபோல மேய்த்துக்கொண்டு திரியும் மந்திரவாதி ஒருவன் உண்டு. போன வசந்தத்தில் கிழிந்த அங்கியோடு, சொட்டச் சொட்ட நனைந்து, இரவு தங்க இடம் கேட்டு அவன் ஊருக்குள் வந்தான். யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. மூன்று வீட்டுக் கதவைத் தட்டினான். மூன்று வீட்டிலும் "நீ எங்கள் ஊர் இல்லையே" என்று சாத்திவிட்டார்கள். அவன் கோபப்படவில்லை. வாசல் தூணில் கையை வைத்து, "இனி உங்கள் கதவுகளே உங்களை விசாரித்துக்கொள்ளட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அப்போது வெளியே இருந்தவர்கள் உள்ளே போக முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் காற்றாட வெளியே வந்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. உள்ளூர் என்றால், "அப்படியானால் வெளியே நில்" என்றன. வெளியூர் என்று பொய் சொன்னால் சிரித்தன.

"பனி விழ இன்னும் ஏழெட்டு நாள்தான்" என்றார் தனாசே. "வண்டிக்கு அடியில் படுத்துப் பனிக்காலத்தைத் தாண்ட முடியாது."

"அதற்கென்ன, நான்தான் வந்துவிட்டேனே. எந்த வீடு முதலில்?" என்றாள் உமையாள்.

முதல் நாள் சதுக்கத்து வீடுகள். உமையாள் தட்டுவாள், கதவு கேட்கும், அவள் பதில் சொல்வாள், கதவு திறக்கும். அவள் உள்ளே நிற்கிற வரைக்கும் வீட்டுக்காரர்கள் ஓடி ஓடிக் கம்பளியும் மாவு மூட்டையும் எடுத்து வெளியே போடுவார்கள். அவள் வாசலைத் தாண்டினால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும் என்பதால், உள்ளே மாட்டிக்கொள்ளப் பயந்து அவர்களும் கூடவே வெளியேறிவிடுவார்கள். இரண்டாம் நாள் ஆற்றங்கரைத் தெரு. அன்று மாலைக்குள் ஒரே ஒரு வீடு தவிர எல்லா வீட்டுச் சாமானும் வெளியே வந்துவிட்டது.

மேட்டுத் தெருக் கடைசியில், ரொட்டி சுடும் சாஃப்தாவின் வீடு மட்டும் பாக்கி. தன் வீட்டைத் திறக்கச் சொல்லி அவள் உமையாளிடம் கேட்கவில்லை. தெருவடுப்பில் சுட்ட சூடான ரொட்டியும் உப்பும் கொண்டுவந்து உமையாள் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

"உன் வீட்டை ஏன் கடைசியில் வைத்தார்கள்?" என்று கேட்டாள் உமையாள்.

"நானே கேட்டுக்கொண்டேன்" என்றாள் சாஃப்தா. "அந்த மந்திரவாதி தட்டிய மூன்றாவது கதவு என்னுடையது. முதல் இரண்டு பேர் சாத்தினாலும் நான் திறந்திருந்தால் ஊருக்கு இது வந்திருக்காது. அன்று மகளுக்குக் காய்ச்சல். முன்பின் தெரியாத ஆளை உள்ளே விடப் பயந்துவிட்டேன். அவன் போனதும் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்கு வந்தேன், அவ்வளவுதான்."

"மகள்?"

"உள்ளேதான் இருக்கிறாள். ருக்ஸா என்று பெயர், ஏழு வயது. ஆறு மாதமாகத் தூங்குகிறாள். கம்பி ஜன்னலோரம் நின்றால் போர்வை ஏறி இறங்குவது தெரியும். தினமும் போய்ப் பார்ப்பேன்."

உமையாள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "இதை முதல் நாளே சொல்ல வேண்டாமா? எழுந்திரு, போகலாம்."

சாஃப்தாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஆறு மாதத்தில் அவளிடம் யாரும் இத்தனை பரிவாகப் பேசியதில்லை. உமையாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வேற்று மனுஷி இல்லை அம்மா. இனி நீங்கள் எங்கள் ஊர்தான்" என்றாள். சுற்றி நின்றவர்களும், "ஆமாம், எங்கள் ஊர்தான்" என்றார்கள். மனசார, உண்மையாகவே சொன்னார்கள்.

இருவரும் மேட்டுத் தெரு ஏறினார்கள். உமையாள் தட்டினாள்.

"உள்ளூரா? வெளியூரா?"

"வெளியூர்."

கதவு ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு, "சற்று முன்புவரை வெளியூர். இப்போது நீயும் உள்ளூர்" என்றது.

உமையாள் இன்னொரு தடவை தட்டினாள், மூன்றாம் தடவையும் தட்டினாள். கதவு அசையவில்லை. சாஃப்தா அழவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து, தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை சதுக்கத்தில் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். உமையாள் கேட்டாள்: "கடல் கடந்து வந்தால்தான் வெளியூரா? இந்த ஊரைச் சுற்றி வேறு மனிதர்களே கிடையாதா?"

"மலைக்கிராமத்தார் இருக்கிறார்கள்" என்றார் தனாசே. "ஆனால் அவர்களை நாங்கள் ஊருக்குள் விடுகிற வழக்கம் இல்லை. பாலையும் கம்பளியையும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்."

"எத்தனை காலமாக?"

சாஃப்தா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "நான் போய்க் கூப்பிடுகிறேன்" என்றாள். உமையாளும் கூடக் கிளம்பினாள்.

நகரத்தைத் தாண்டினதும் மலைச்சரிவெல்லாம் பழுப்பும் பொன்னுமாக இருந்தது. நட்டுவைத்த கம்பத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் வைக்கோல் போர்கள். முதல் கிராமத்தில் ஒருத்தி பெரிய செப்பு அண்டாவில் பிளம் பழம் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குள் வந்து எங்கள் கதவைத் திறந்துவிடு" என்றாள் சாஃப்தா.

"கதவு திறக்கிற வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள்" என்றாள் அவள், கிண்டுவதை நிறுத்தாமல்.

இரண்டாவது கிராமத்தில் ஒருவர் மிலாறுக் குச்சிகளைக் கத்தியால் சீவி வேலி பின்னிக்கொண்டிருந்தார்.

"ஊருக்குள் வந்து எங்கள் கதவைத் திறந்துவிடுங்கள்" என்றாள் சாஃப்தா.

"முப்பது வருஷம் அந்த வாசலில் பால் வைத்திருக்கிறேன். உள்ளே என்ன நிறத்தில் சுவர் என்றுகூட எனக்குத் தெரியாது" என்றார் அவர். மறுபடி பின்னத் தொடங்கினார்.

மூன்றாவது இடம் கிராமம்கூட இல்லை. மலை மேல் ஒரு பட்டி, கொஞ்சம் ஆடு, ஒரு மரக்குடிசை. ஏறி முடிப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. கதவு விரியத் திறந்திருந்தது. ஆட்டுத்தோல் சட்டை போட்ட பெண்ணொருத்தி வெளியே வந்தாள். பெயர் பரஸ்கீவா. யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே கூட்டிப்போய் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மஞ்சள் சோளமாவுக் களியைக் கிண்டிப் பலகையில் கவிழ்த்து, நூலால் அறுத்து, மேலே ஆட்டுப்பால் கட்டியை உதிர்த்துக் கொடுத்தாள். "முதலில் சாப்பிடுங்கள், குளிரில் வந்திருக்கிறீர்கள்" என்றாள்.

சாஃப்தா ஒரு வாய் எடுத்தாள். அடுத்த வாய் எடுக்காமல் பலகையை மெல்லத் தள்ளிவைத்தாள்.

"என்னம்மா, உப்புக் குறைவா?" என்றாள் பரஸ்கீவா.

"இல்லை" என்றாள் சாஃப்தா. "என் வீட்டுக்கு ஒருவன் நனைந்துகொண்டு வந்தான். நான் கதவைச் சாத்திவிட்டேன். நீ என்னை யாரென்றே கேட்கவில்லையே." பிறகு ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், காய்ச்சல், கிணறு, ஜன்னல், போர்வை, எல்லாமே. ஆனால் இந்த முறை கதவைத் திறந்துவிடு என்று அவள் கேட்கவில்லை. "என் வீட்டுக்கு விருந்துக்கு வருவாயா? உள்ளே வர முடியாமல் போனாலும் வாசற்படியில் உட்காரவைத்து ரொட்டி சுட்டுத் தருகிறேன். உன்னைக் கூப்பிட வேண்டும்போல இருக்கிறது" என்றாள்.

பரஸ்கீவா அவளை நன்றாகப் பார்த்தாள். "உங்கள் ஊரிலிருந்து என்னை யாரும் கூப்பிட்டதில்லை" என்றாள். "களியை முடி. கிளம்பலாம்."

இறங்கி வரும் வழியில் பரஸ்கீவா வேலிக்காரரையும் கூப்பிட்டாள், பிளம் காய்ச்சினவளையும் கூப்பிட்டாள். "என்ன வேலையாம்?" என்று அவர்கள் கேட்டார்கள். "வேலை இல்லை, விருந்து" என்றாள். அவர்கள் சாஃப்தாவைப் பார்த்தார்கள். "நான் கேட்ட விதம் தப்பு. இப்போது சரியாகக் கூப்பிடுகிறேன், வாருங்கள்" என்றாள் அவள். அண்டாவை இறக்கிவைத்துவிட்டுப் பிளம் காய்ச்சினவளும் வந்தாள், கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலிக்காரரும் வந்தார்.

நகரத்து வாசலுக்கு வந்ததும் மலைக்காரர்கள் மூவரும் பழக்கத்தில் நின்றுவிட்டார்கள். தனாசே எதிரே வந்து, தொப்பியைக் கழற்றி, "உள்ளே வாருங்கள்" என்றார்.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. சாஃப்தாவின் கதவைப் பரஸ்கீவா தட்டினாள்.

"உள்ளூரா? வெளியூரா?"

"வெளியூர்."

கதவு திறக்கவில்லை. இன்னொரு கேள்வி கேட்டது. "உன்னை இங்கே கூப்பிட்டது யார்?"

"இதோ, இந்த வீட்டுக்காரிதான்."

"வேலைக்கா?"

"விருந்துக்கு."

கதவு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. "அப்படியானால் இனி நான் கேட்பதற்கு ஒன்றும் இல்லை" என்றது. சொல்லிவிட்டுத் திறந்தது. சதுக்கத்தில் ஒரு கதவு திறந்தது, ஆற்றங்கரைத் தெருவில் ஒரு கதவு திறந்தது, பிறகு ஊர் முழுக்க எல்லாக் கதவும் படபடவென்று திறந்துகொண்டன. அதன்பிறகு அந்தக் கதவுகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மரத்துக்கு உரிய கிறீச்சிடலோடு நிறுத்திக்கொண்டன.

சாஃப்தா உள்ளே ஓடவில்லை. மெல்ல நடந்து போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மகளின் நெற்றியில் கை வைத்தாள். காய்ச்சல் இல்லை. ருக்ஸா கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, பசிக்கிறது" என்றாள். பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "இவர்கள் எல்லாம் யார்?" என்றாள்.

"நம் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். எழுந்து வணக்கம் சொல்லு" என்றாள் சாஃப்தா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நான்கு நாளில் பனி விழுந்தது. மலைப்பாதை மூடிக்கொண்டதால் உமையாள் அந்தக் குளிர்காலத்தைச் சாஃப்தா வீட்டு அடுப்போரத்தில் கழித்தாள். தான் பார்க்க வந்ததையும் பார்த்தாள். அந்த வீட்டுச் சூப்பில் மிளகு போட்டார்கள், ஆனால் மிகவும் கொஞ்சமாகப் போட்டார்கள். அது ஒன்றுதான் அவளுக்குக் குறை. பாதை திறந்ததும் ஊர் அவளுக்கு ஒரு நல்ல கோவேறு கழுதையையும், அது சுமக்கிற அளவுக்குத் தேனும் வாதுமைக் கொட்டையும் கொடுத்து வழியனுப்பியது.

பரஸ்கீவாவை அதன்பிறகு யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவளே வாரம் ஒருமுறை இறங்கி வருவாள். சந்தைக்கு ஒன்றும் கொண்டுவர மாட்டாள், சாஃப்தா வீட்டில் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள்.

அவர்கள் கதவு திறந்தது, நம் கதை நிறைந்தது.