அமைச்சரைத் திட்டிய கட்டுரை

சர்வாதிகாரி தப்பியோடி ஒரு வருஷம்கூட ஆகாத ஓர் ஐரோப்பிய நாடு. அங்கே செய்தித்துறை அமைச்சர் போரிவோய் புதிய பத்திரிகைச் சட்டம் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். ஆனால் எழுதியவர் பெயரை மறைத்தால் பத்திரிகைக்காரருக்கு ஜெயில். சுதந்திரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வெளிநாட்டுக் குழு வந்து இறங்கியதும், அமைச்சர் நிருபர் வெஸ்னாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்குப் பேப்பர்ல என்னைக் கிழிகிழின்னு கிழிக்கணும்மா. இல்லேன்னா உங்க பத்திரிகையை மூடிடுவேன். அச்சுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டிடு."

வெஸ்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டினால் ஆபத்தா, திட்டாவிட்டால் ஆபத்தா? எதற்கும் இருக்கட்டுமென்று எழுதிக்கொண்டு போனாள்.

அமைச்சர் பேனாவை எடுத்தார். 'ஊழல்' போய் 'ஓயாத உழைப்பு' வந்தது. 'பொய்யர்' போய் 'கூச்சக்காரர்' வந்தது. கடைசியில் அவள் எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

"இப்பதான் காரமா இருக்கு!" என்றார்.

காலையில் மொழிபெயர்ப்பாளர் வாசிக்க, வெளிநாட்டுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அமைச்சர் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார். 'அமைச்சரின் குறைகள். எழுதியவர்: அமைச்சர் போரிவோய்.'

"என் பேரை ஏம்மா போட்டே?" என்று வெஸ்னாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எழுதினவங்க பேரை மறைச்சா ஜெயில்னு நீங்கதானே ஐயா சட்டம் போட்டீங்க?"

அமைச்சர் அன்று மாலையே, அதே பேனாவால், அந்த விதியைச் சட்டத்திலிருந்து அடித்துவிட்டார்.

மறுநாள் வெஸ்னாவின் பழைய கட்டுரை ஓர் எழுத்தும் மாறாமல் வெளிவந்தது. எழுதியவர் பெயர் மட்டும் இல்லை.