செவ்வாய்க்காரனின் கயிறு

கடம்பவர்ம ராஜாவுக்கு ஆசை வந்தால் லேசில் வராது. ஒரு நாள், "ஆயிரம் வருஷம் கழித்துச் செவ்வாய்க் கிரகத்தில் மனுஷர்கள் எப்படி வாழ்வார்கள்? எனக்குக் கதை வேண்டும்!" என்று கேட்டுவிட்டார். ஆஸ்தானப் புலவர் அம்பலவாணர் பத்தே நாளில் எழுதி, சபையில் வாசித்தார்.

"செவ்வாயில் அறிவுகெட்ட கூட்டம் ஒன்று உண்டு. பாறையில் தேன் எடுக்க ஒருவன் இறங்குவான். மேலே கயிற்றைப் பிடிப்பது யார் தெரியுமா? பலசாலி இல்லை. பெண்டாட்டியின் அண்ணன்! நோஞ்சானாக இருந்தாலும் அவன்தான்!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. வாய்த்துடுக்குக்குப் பேர்போன சபை விகடகவி வேம்பன் மட்டும் சிரிக்கவில்லை. தேன் குடத்தோடு தூணோரம் நின்ற மலைத் தலைவர் சடையன் தலையைக் குனிந்துகொண்டதை அவன் பார்த்துவிட்டான். அது சடையன் ஜனங்களின் வழக்கம். நாளைத் திருவிழாவில் அதையே கூத்தாக ஆடி ஊரே சிரிக்கப்போகிறது. வேம்பன் முன்னால் வந்தான்.

"புலவரே, இதை எங்கே பிடித்தீர்?"

"தேன்மலை அடிவாரத்தில். பல்லக்கில் இருந்தபடியே பார்த்தேன். கயிற்றைப் பிடிப்பவன் மச்சான் என்று பல்லக்குத் தூக்கி சொன்னான்."

"இறங்கி ஒரு வார்த்தை ஏன் எதற்கென்று கேட்கவில்லையா?"

"செவ்வாய்க் கதைக்கு மலைக்காரனிடம் என்னய்யா கேள்வி?"

"மகாராஜா, கதையில் ஓட்டை இருக்கிறது," என்றான் வேம்பன்.

ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. "பொழுது சாய்வதற்குள் காட்டு. இல்லையென்றால் இந்தச் சபைப் பக்கமே தலைகாட்டாதே!"

"அவ்வளவு நேரம் எதற்கு? இப்போதே ஒத்திகை பார்ப்போம். தேன் எடுப்பவன் வேஷம் புலவருக்கு!"

ராஜா தலையாட்ட, எல்லோரும் கோட்டைக் கொத்தளத்தில் ஏறினார்கள். புலவர் இடுப்பில் கயிற்றைக் கட்டியாயிற்று. கீழே எட்டிப் பார்த்தார். யானை பூனைக்குட்டி மாதிரித் தெரிந்தது.

"நீங்கள் அறிவாளி. கயிற்றைப் பிடிக்க யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்," என்றான் வேம்பன்.

"நான் பிடிக்கிறேன்!" என்று சேனாதிபதி முன்னால் வந்தார். போன மாசம்தான் புலவர் அவரை 'மீசை முளைத்த பூசணி' என்று பாடியிருந்தார்.

"வேண்டாம்!"

"அப்படியானால் நான்!" என்றார் மந்திரி. அவர்மேலும் ஒரு பாட்டு இருந்தது. இளைய புலவர் ஒருவர் உள்ளங்கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டே ஓடிவந்தார்.

"ஐயோ, யாரும் வேண்டாம்! சமையல்கட்டில் என் மச்சான் இருக்கான், அவனைக் கூப்பிடுங்க!" என்று அலறினார் அம்பலவாணர்.

"அந்த நோஞ்சானையா? ஏன்?" என்று கேட்டான் வேம்பன்.

"அவன் தங்கச்சி தாலி ஐயா! உயிரே போனாலும் கயிற்றை விடமாட்டான்!"

சொன்ன பிறகுதான் தன் வாயில் என்ன வந்ததென்று புலவருக்கு உறைத்தது. சடையன் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க பாட்டனும் இதையேதான் சொல்லுவார் சாமி!"

ராஜா சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தானே சடையனிடம் போய் மன்னிப்புக் கேட்டார். முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார். கூத்து அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

"புலவரே, தேன்மலைக்குப் போய்த் தங்கி, கேட்டு, மறுபடி எழுதும்!"

"உத்தரவு மகாராஜா. பல்லக்கு...?" என்று இழுத்தார் புலவர்.

"நடந்தே போங்க," என்றான் வேம்பன். "மச்சானையும் கூட்டிக்கிட்டுப் போங்க. வழியில் அவரோடு மட்டும் சண்டை போட்டுடாதீங்க!"