சதுப்பு யானையின் சேறு

திருச்சி உறையூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, போர்ச்சீட்டு ஆடுகிறவர்கள் கூடும் மாடி ஒன்று இருந்தது. அறுபது சீட்டை ஒரு கட்டாகச் சேர்த்து, எதிராளியின் கட்டோடு மோதவிடும் ஆட்டம் அது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மிருகமோ வீரனோ அச்சாகியிருக்கும். அந்த அச்சின் மேலேயே வண்ணம் தீட்டி, எந்தக் கடையிலும் கிடைக்காத சீட்டாக மாற்றித் தருவது ஷமீமாவின் தொழில். வயது இருபத்தேழு. ஜன்னலோர மேசை அவளுடையது.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தில்லைநாயகம். வயது ஐம்பத்து மூன்று, பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். பகலில் பிள்ளைகள் அவரை சார் என்றார்கள். மாலையில் அவர் ஷமீமாவை டீச்சர் என்றார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்கிறவள் டீச்சர்தானே.

முதல் நாளே ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். நாற்பத்தெட்டு அக்ரிலிக் ட்யூப். பன்னிரண்டு பிரஷ், எல்லாம் வெளிநாட்டு அயிட்டம். வண்ணத்தைக் கெட்டியாக்கும் பசை ஒரு டப்பா. மேலே அடிக்க வார்னிஷ்.

ஷமீமாவின் மேசையில் ஐந்து ட்யூபும் இரண்டு பிரஷும் ஒரு தயிர் டப்பா மூடியும் இருந்தன. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது சரிதான், அதற்காக இப்படியா என்று அவருக்குத் தோன்றியது.

"டீச்சர், இதுல எது நல்ல பெயிண்ட்?"

"காயறது," என்றாள் ஷமீமா.

மூன்று மாதம் வேண்டாத சீட்டுகளில் கை பழகினார். ஷமீமா மிளகளவு வண்ணம் எடுத்து, அதில் தண்ணீர் விட்டு, விட்டு, இன்னும் விட்டுத் தீட்டுவாள். சிக்கனம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் கேட்டார்.

"நான் தீட்டின சீட்டு எப்ப ஆட்டத்துக்குப் போகும்?"

"போகணுமா?"

"போகணும், டீச்சர். பள்ளிக்கூடத்துல வரையறதெல்லாம் ஆண்டுவிழா அன்னிக்கு ஒட்டி மறுநாள் கிழிக்கிறதுதான். ஒரு தடவையாவது நான் பண்ணினது ஒருத்தர் கையில நிக்கணும்."

ஷமீமா ஒரு சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பெயர் சதுப்பு யானை. ஜெபமணி என்ற நர்ஸ் கொடுத்துவிட்டுப் போனது. இப்போது அந்தச் சீட்டை அச்சடிப்பதில்லை. ஜெபமணியிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அவருடைய கட்டு முழுவதும் அந்த யானையை நம்பித்தான் நிற்கிறது. இரண்டரை வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, மாநிலப் போட்டி.

"பேரும் எண்ணும் மறையக்கூடாது. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்," என்றாள்.

தில்லைநாயகம் இரண்டு வாரம் தீட்டினார். வீட்டில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு. யானைக்குப் பின்னால் கோரைப்புல் முளைத்தது. புல்லுக்குப் பின்னால் பனி இறங்கியது. யானையின் முதுகில் ஒரு கொக்கு. காலடியில் சேறு. அந்தச் சேற்றுக்கு மட்டும் பசையைக் கலந்து மேலே மேலே வைத்தார். விரல் வைத்தால் சேறு தட்டுப்பட்டது. முப்பது வருடத்தில் இப்படி ஒன்று அவர் கையில் வந்ததில்லை. அவருக்கே அது தெரிந்தது.

புதன்கிழமை மாலை கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

ஷமீமா வெகுநேரம் பார்த்தாள்.

"கொக்கு நல்லா இருக்கு," என்றாள்.

"சேத்தைத் தொட்டுப் பாருங்க, டீச்சர்."

"தொடறேன்."

சீட்டை, ஆட்டத்தில் போடும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள். ஜெபமணி விட்டுப்போயிருந்த மீதி ஐம்பத்தொன்பது சீட்டும் உறையோடு டப்பாவில் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கலைத்தாள். கவிழ்த்து வைத்தாள். அவரையும் ஒரு முறை கலைக்கச் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் வருடி, ஒரு சீட்டை உருவினாள்.

சதுப்பு யானை.

தில்லைநாயகம் சிரித்தார். "அதிர்ஷ்டம்."

"கலைங்க."

கலைத்தார். உருவினாள். சதுப்பு யானை.

"கலைங்க, சார்."

இந்த முறை ரொம்ப நேரம் கலைத்தார். அவருடைய சிரிப்பு போய்விட்டிருந்தது. ஷமீமா கண்ணைத் திறக்காமலே உருவி, பார்க்காமலே அவர் முன்னால் மல்லாத்தினாள். கொக்கு அவரைப் பார்த்தது.

"ஞாயித்துக்கிழமை நடுவரும் இதைத்தான் பண்ணுவாரு," என்றாள் ஷமீமா. "தடவினாலே தெரியுது, குறி வச்ச சீட்டுன்னு சொல்லி ஜெபமணியை எழுப்பி அனுப்பிடுவாங்க."

"அவங்க ஏமாத்த மாட்டாங்களே."

"அவங்க மாட்டாங்க. அவங்க விரல் கண்டுபிடிச்சிடும்."

அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"அப்ப இது இவ்வளவு நல்லா வந்தது தப்பா?"

ஷமீமா ஸ்பிரிட் பாட்டிலையும் ஒரு கட்டுப் பஞ்சுக்குச்சியையும் அவர் பக்கம் தள்ளினாள்.

தில்லைநாயகம் அதைத் தொடவில்லை. ஸ்பிரிட் ஒரு சொட்டு கூடினால் அடியிலிருக்கும் அச்சும் சேர்ந்து வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பெயர் அழிந்தால் அது சீட்டில்லை, வெறும் அட்டை. அதோடு ஜெபமணியின் கட்டும் போயிற்று, போட்டியும் போயிற்று.

"நீங்க எடுத்துடுங்க, டீச்சர். எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும். மெதுவாப் போகும்."

அவள் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அவர் சேற்றிலிருந்து தொடங்கினார். கெட்டிச் சேறு ஊறி, குழைந்து, பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு புல். பிறகு பனி. யானையின் பெயர் இருந்த பட்டைக்கு அருகே வந்தபோது பஞ்சில் லேசாக அச்சுக் கறுப்பு தெரிந்தது. கையை வெடுக்கென்று எடுத்தார். எழுத்து பிழைத்துக்கொண்டது. கொக்கைக் கடைசிவரை விட்டுவைத்திருந்தார். அதைத் துடைக்கும்போது அவருக்கு அழுகை வந்தது, அழுதார். ஷமீமா பார்க்காத மாதிரி இருந்தாள்.

மறுநாள் மாலை, பழைய அச்சு மட்டும் மிஞ்சிய சீட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு மெல்லிசாப் பூசணும்?"

ஷமீமா அன்றைய பேப்பரை விரித்தாள். தயிர் டப்பா மூடியில் பச்சையைக் கரைத்து, தலைப்புச் செய்தியின் மேல் ஒரு இழுப்பு இழுத்தாள்.

"படிங்க."

"கொள்ளிடத்தில் தண்ணீர் திறப்பு," என்று படித்தார்.

"படிக்க முடியுதுல்ல. இதுதான் ஒரு கோட்டு பெயிண்ட்."

"இப்படிப் பூசினா எப்ப நிறம் ஏறும்?"

"ஏறும்."

அவர் தன் பெட்டியைத் திறக்கவில்லை. அவளுடைய ட்யூப்களையே வாங்கிக்கொண்டார். ஒரு கோட்டு பூசி, ஃபேனுக்கடியில் காயவைத்து, அடுத்த கோட்டு. வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. சனிக்கிழமை பள்ளி விடுமுறை, காலையிலேயே வந்துவிட்டார். கோரைப்புல் திரும்ப வந்தது. பனி முன்னைவிட நன்றாக இறங்கியது. தண்ணீரோடு பழகிவிட்டால் பனி தானாக வரும்போலிருக்கிறது. சேறு ஈரமாகத் தெரிந்தது, விரலுக்குத் தட்டுப்படவில்லை. கொக்கை வைக்கலாமா என்று யோசித்து, வைத்தார்.

சாயங்காலம் ஷமீமா சீட்டை உறையில் போட்டு, கட்டோடு சேர்த்துக் கலைத்தாள். கண்ணை மூடினாள். கட்டைவிரல் ஓரத்தில் மேலும் கீழும் இரண்டு முறை போய்வந்தது. ஒன்றை உருவினாள். ஒரு வில்லாளி. இன்னொன்று. ஒரு பாலம். மூன்றாவது, அதே மாதிரி இன்னொரு வில்லாளி.

சீட்டுக்கட்டை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க தேடுங்க."

தில்லைநாயகம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தீட்டியவர் அவர். எந்த இடத்தில் எத்தனை கோட்டு என்று மனப்பாடம். ஒவ்வொரு சீட்டாக இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துத் தடவினார். அறுபதையும் தடவினார். ஒன்றில் விரல் நின்றது. இதுதான் என்று எடுத்து மல்லாத்தினார்.

தவளை.

"டீச்சர்," என்றார். குரலில் பெருமையும் இருந்தது, துக்கமும் இருந்தது. "ரெண்டரை வாரம் தின்னாம தூங்காம வரைஞ்சேன். என் சீட்டு எங்க இருக்குன்னு எனக்கே தெரியலையே."

ஷமீமா கட்டை வாங்கி ஜெபமணியின் டப்பாவில் போட்டு மூடினாள்.

"ஜெபமணிக்கும் தெரியாது, சார். நாளைக்கு ஒவ்வொரு சீட்டா எடுத்துக்கிட்டு, அது எப்ப வரும்னு காத்துக்கிட்டிருப்பாங்க. எதிர்ல போய் நில்லுங்க. வரும்போது அவங்க முகத்தைப் பாருங்க."