டோக்கன் அடிக்கும் கணினி

ஓசூரில் நொடித்துப்போன கணினிக் கம்பெனியை மூடுவதா, இன்னும் பணம் போடுவதா என்று முதலீட்டாளர்கள் ஏழு பேர் கூடினார்கள்.

"இவர்கள் கணினி இனி எழுந்திருக்காது. நாற்பது பக்க அறிக்கை எழுதியிருக்கிறேன்" என்று பெரிய பங்குக்காரர் சிதம்பரநாதன் தன் வெளிநாட்டு மடிக்கணினியைத் திறந்தார். அது அப்டேட் ஆகிறேன் என்று சுற்றிக்கொண்டே இருந்தது.

டீ கொண்டுவந்த கேன்டீன் ஊழியர் செங்கமலம் கேட்டாள். "அப்போ இருநூத்திப் பன்னெண்டு பேர் வேலை?"

"எழுந்திருக்கும்னு நீ காட்டேன், பார்க்கலாம்!" என்றார் சிதம்பரநாதன்.

கேன்டீனில் டோக்கன் அடிக்கும் கணினியைத் தூக்கி வந்து வைத்தாள். "இங்க செஞ்சதுதான் சார். பதினோரு வருஷமாச்சு." சுவிட்சைப் போட்டதும் எழுந்தது. அறிக்கையின் நகல் இருந்த பென்டிரைவைச் செருகினார்கள். அறிக்கையும் திறந்தது.

சிதம்பரநாதன் உரக்கப் படித்தார்: "இந்தக் கணினிகள் இனி எழுந்திருக்காது."

"மெதுவா படிங்க சார், அதுக்குக் காதுல விழுந்துடப்போகுது."

பணம் போட ஆறு கைகள் உயர்ந்தன. ஏழாவது கை ஆறிப்போன டீயைப் பிடித்திருந்தது.