பேர் சொல்லிப் பேசிய மஞ்சக்காலி

மலைமேல் ஓர் ஏரி. ஏரிக்கரையில், பிளந்த பாறை ஒன்றுக்குக் கீழே, ஒரு கூழாங்கல் மேடு. அந்த மேட்டில் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது. வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடும். முட்டையின் நிறமும் கல்லின் நிறம்தான். காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆபத்து என்று எதையாவது பார்த்துவிட்டால் போதும், "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று ஊரையே கூட்டிவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் முயல் புதருக்குள் பாயும். தவளை தண்ணீருக்குள் குதிக்கும்.

"இந்த ஏரியில் யார் தண்ணீர் குடித்தாலும் என் காவலில்தான் குடிக்கிறார்கள்!" என்று மஞ்சக்காலிக்கு ஒரே பெருமை. இருக்காதா பின்னே? அவள் காவலுக்கு வந்த பிறகு அந்தக் கரையில் ஓர் உயிர்கூடப் பறிபோனதில்லை.

அந்த ஏரிக்கு ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் மேகம் இறங்கிக் கரையை மூடிவிடும். தன் கால் தனக்கே தெரியாது. தனியாக உட்கார்ந்து பயந்து சாகாமல் இருக்க, விலங்குகள் மேகத்துக்குள் இருந்தபடியே குரல் கொடுத்துப் பேசிக்கொள்ளும். அதற்கு மேகப்பேச்சு என்று பெயர். அதில் யாரும் தன் பேரைச் சொல்லக் கூடாது. "யார் பேசினது?" என்று கேட்கவும் கூடாது. வெயில் வந்துவிட்டால், பேசியதை எல்லாம் அத்தோடு மறந்துவிட வேண்டும்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. பாட்டு, விடுகதை, பக்கத்து மலைச் செய்தி என்று பொழுது போனது. பேர் சொல்ல வேண்டியதில்லை என்றதும், வாயே திறக்காத ஆமைகூட நாலு வார்த்தை பேசியது. அப்புறம்தான் சிலருக்கு நாக்கு நீண்டது.

ஒரு நாள் மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆமா, இந்த ஆள்காட்டி எதுக்குச் சும்மா சும்மா கத்துது? நம்மளைக் காப்பாத்தவா? எல்லாம் தன் பெருமைக்குத்தான்!"

கெக்கெக்கே என்று யாரோ சிரித்தார்கள்.

"அதானே! இலை விழுந்தாக்கூட டிட்டிட்டீ! நிம்மதியா ஒரு வாய் புல்லு திங்க முடியுதா?" என்றது இன்னொரு குரல்.

"அது வாயை அடைக்க ஒரு வழி சொல்லவா? அது முட்டையை உருட்டி விளையாடுவோம்! எங்கே வச்சிருக்கு?" என்றது முதல் குரல்.

"எங்கே வைக்கும்? பிளந்த பாறைக்குக் கீழே, கூழாங்கல்லுக்குள்ளேதான்! போய் உருட்டுங்க சாமி, உருட்டுங்க!" என்றது மூன்றாவது குரல். உடனே ஒரே சிரிப்பு.

"சேச்சே, முட்டையை உருட்டலாமா? தப்பு!" என்றது ஒன்று.

"ஏன் உருட்டக் கூடாது? அதுக்கு ஒரு காரணம் சொல்லு பார்ப்போம்!" என்றது மற்றொன்று.

அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொண்டது. உருட்டலாம் என்று ஒரு கட்சி, உருட்டக் கூடாது என்று ஒரு கட்சி. மேகம் கலையும்வரை இதே பேச்சு. அத்தனையையும் மஞ்சக்காலி முட்டைமேல் உட்கார்ந்தபடியே கேட்டாள். அவளுடைய பிள்ளைகளை உடைக்கலாமா கூடாதா என்று ஊரே உட்கார்ந்து வழக்கு பேசுகிறது! இறக்கையை இன்னும் தாழ்த்தி முட்டைகளை மூடிக்கொண்டாள்.

வெயில் வந்ததும் புருஷன் நெட்டையன் இரை தேடிக்கொண்டு வந்து சேர்ந்தான். நடந்ததைச் சொன்னாள்.

"அட, அவங்க விளையாட்டுக்குப் பேசுறாங்க புள்ள. இதைப் போய்ப் பெரிசா எடுத்துக்கிட்டு!" என்றான் அவன்.

"விளையாட்டுன்னா எனக்கு ஏங்க இப்படி வலிக்குது?"

நெட்டையன் தலையைச் சொறிந்தான். கொண்டுவந்த இரையை அவள் பக்கம் தள்ளிவைத்தான்.

துள்ளன் முயல் அந்தப் பக்கம் வந்தான். "என்னக்கா, சௌக்கியமா?" என்று கேட்டான். தொப்பையன் தவளை கல்மேல் ஏறி வழக்கம்போல் கண்ணை உருட்டினான். நேற்றுவரை அவர்களைப் பார்த்தால் மஞ்சக்காலிக்குச் சந்தோஷம் பொங்கும். இன்றைக்கோ, "புல்லுன்னு சொன்னது இவனோ? இடத்தைக் காட்டிக் கொடுத்தது அவனோ?" என்று ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தாள். முகத்தில் என்ன தெரியும்? எல்லா முகமும் நல்ல முகமாகத்தான் இருந்தது.

அடுத்த நாளும் அதே பேச்சு. அதற்கு அடுத்த நாளும் அதே. மஞ்சக்காலிக்கு இரை இறங்கவில்லை. அதைவிட மோசம், வாய் திறக்கவே கூச்சமாகிவிட்டது. "கத்தினால் இதையும் சொல்லிச் சிரிப்பார்களே!" என்று நினைக்கத் தொடங்கினாள்.

அப்படி ஒரு மத்தியானம் வானத்தில் பருந்து வட்டமிட்டது. மஞ்சக்காலி பார்த்துவிட்டாள். குரல் தொண்டைவரைக்கும் வந்தது. "பருந்து ரொம்ப உயரத்தில்தானே இருக்கிறது? இதற்குப் போய்க் கத்துவானேன்?" என்று விழுங்கிக்கொண்டாள். அடுத்த நொடி பருந்து கல் மாதிரி கீழே விழுந்தது. புல் தின்றுகொண்டிருந்த துள்ளன் எப்படியோ ஒரு துள்ளல் துள்ளித் தப்பினான். முதுகில் ஒரு பிடி மயிர் மட்டும் போனது.

"என்னக்கா நீ! பார்த்துக்கிட்டேதானே இருந்தே? ஏன் கத்தலை?" என்று துள்ளன் அழுதே விட்டான்.

மஞ்சக்காலிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரோ முகம் தெரியாதவன் சொன்ன சொல்லுக்காக என் வேலையை நான் விட்டேனே என்று குமுறினாள். என் குரல் என்னுடையது இல்லையா? கோபமும் வந்தது. அந்தக் கோபத்தில் அவளுடைய நிமிர்வும் கொஞ்சம் திரும்பி வந்தது.

"நாளைக்கு நான் மேகத்துக்குள்ளே பேசப் போறேன்" என்றாள் நெட்டையனிடம். "பேர் சொல்லிப் பேசப் போறேன்."

"ஐயையோ! பேர் சொல்றதா? ஊர் வழக்கம் என்னாகிறது?"

"வழக்கம் கிடக்கட்டும். எனக்கு என் முட்டை இருக்கணும், என் குரலும் இருக்கணும்."

மறுநாள் மேகம் இறங்கியது. வழக்கம்போல் பேச்சு கிளம்பியது. "அந்த முட்டையை இன்னைக்காவது உருட்டிடலாமா?" என்றது உருட்டச் சொன்ன அந்தப் பழைய குரல். கெக்கெக்கே என்று சிரிப்பு எழுந்தது.

மஞ்சக்காலி கழுத்தை நீட்டி நிமிர்ந்தாள்.

"நான் மஞ்சக்காலி பேசறேன்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. மேகத்துக்குள் ஒரு பேரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"பிளந்த பாறைக்குக் கீழேதான் இருக்கேன். என் முட்டை மேலேதான் உட்கார்ந்திருக்கேன். நீங்க பேசறது விளையாட்டா நிஜமான்னு எனக்குத் தெரியலை. ஆனா எனக்கு வலிக்குது. சாப்பாடு இறங்கலை. நேத்து கத்த வேண்டிய நேரத்துல கத்தாம விட்டேன், ஒரு உயிர் போகப் பார்த்துச்சு. விளையாட்டுன்னா இத்தோட நிறுத்துங்க!"



"அக்கா..." என்று ஒரு குரல் இழுத்தது. "நான் தொப்பையன். இடத்தைச் சொன்னது நான்தான். சிரிக்கறாங்களேன்னு சொல்லிட்டேன். நீ கேட்டுக்கிட்டு இருப்பேன்னு நினைக்கவே இல்லை. மன்னிச்சுக்கோக்கா!"

"நான் துள்ளன்" என்றது அடுத்த குரல். "புல்லு திங்க முடியலைன்னது நான். பாதி விளையாட்டு, பாதி நிஜம். எனக்கு உன் சத்தம் எரிச்சலாத்தான் இருந்துச்சு. நேத்து அது இல்லாதப்பதான் அதோட அருமை தெரிஞ்சுது. இனி சொல்ல மாட்டேன்."

"பாதி நிஜத்தை என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லுடா. இலைக்குக் கத்தறதைக் குறைச்சுக்கறேன்" என்றாள் மஞ்சக்காலி. சொல்லும்போதே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

ஒவ்வொருவராகப் பேர் சொன்னார்கள். பேர் சொன்னவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் ஒரு குரல் மட்டும் மூடவில்லை.

"அடடா, தொட்டாச்சிணுங்கி! ஒரு கிண்டல் தாங்க மாட்டியா?"

குரல் நாணல் பக்கமிருந்து வந்தது.

"வலிக்குதுன்னு சொன்னேனே, கேட்கலையா?" என்றாள் மஞ்சக்காலி.

"கேட்டுச்சே! அதனாலதான் இன்னும் ருசியா இருக்கு! முட்டையை உருட்டும்போது எப்படிக் கத்துவே? ஹிஹி!"

இந்தத் தடவை குரல் ஈரப்பாறைப் பக்கமிருந்து வந்தது. மஞ்சக்காலிக்குச் சுருக்கென்றது. நாணலைவிட ஈரப்பாறை முட்டைக்குக் கிட்டத்தில் இருப்பதாயிற்றே! இத்தனை நாளும் ஊரே கூடிக் கத்திய கத்தலில், எந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. காலடிச் சத்தமும் கேட்கவில்லை. இப்போது எல்லாரும் அடங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே குரல், கல்லில் நகம் உரசும் சத்தம், அவ்வளவுதான்.

"உன் பேர் என்ன?" என்று கேட்டாள்.

"மேகத்துல பேர் கேட்கக் கூடாதே!"

அது வந்தது பிளந்த பாறையின் மறுபக்கத்திலிருந்து!

மஞ்சக்காலி இறக்கையை விரித்து எழுந்தாள். அடக்கி அடக்கி வைத்த குரல் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ! நான் மஞ்சக்காலி! இது என் இடம்! எதிரி பாறைக்குப் பின்னாலே! டிட்டிட்டீ!"

மலையே அதிர்ந்தது. நெட்டையன் மேலிருந்து பாய்ந்து குரல் வந்த இடத்தில் ஒரு கொத்து கொத்தினான். "நான் துள்ளன்!" என்று முயல் பின்னங்காலால் தரையைத் தட்டினான். "நான் தொப்பையன்!" என்று தவளை கத்த, கரையிலிருந்த தவளைக் கூட்டம் முழுக்கக் கத்தியது. நாலா பக்கமும் பேரும் சத்தமும் கிளம்பவே, பாறைக்குப் பின்னால் இருந்தது எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் குதித்தது. தொப்பென்று ஏரிச் சேற்றில் போய் விழுந்தது.

மேகம் கலைந்தது. கழுத்துவரை சேற்றோடு, மீசையில் பாசி தொங்க, ஒரு காட்டுப்பூனை நின்றுகொண்டிருந்தது! ஆள்காட்டி கத்துவதால் அந்தக் கரையில் ஒரு வேட்டைகூடக் கிடைக்காமல் பட்டினி கிடந்த அதே பூனை. "எதுக்குக் கத்துது?" என்று முதன்முதலில் கேட்டு, அவள் வாயை அடைக்கப் பார்த்ததும் அதுதான்.

எல்லாரும் முறைப்பதைப் பார்த்ததும் பூனை பல்லை இளித்தது.

"என்னங்க இது! நான் சும்மா விளையாட்டுக்குத்தானே வந்தேன்!"

"அப்படியா?" என்றாள் மஞ்சக்காலி. "நீ இப்ப நிக்கிற நிலைமையைப் பார்த்து நாங்க எல்லாரும் சிரிக்கப் போறோம். நீயும் கூடச் சேர்ந்து சிரி பார்க்கலாம்!"

ஏரிக்கரையே சிரித்தது. பூனைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சேற்றை உதறிக்கொண்டு ஒரே ஓட்டமாக மலையிறங்கிப் போய்விட்டது.

மேகம் இப்போதும் இறங்குகிறது. மேகப்பேச்சும் நடக்கிறது, கிண்டலுக்கும் குறைவில்லை. ஆனால் பேசுகிறவர் முதலில் தன் பேரைச் சொல்லிவிட வேண்டும்.

சில நாளில் முட்டைகள் பொரிந்தன. பஞ்சு பஞ்சாக நான்கு குஞ்சுகள். ஒரு காலையில், எதிரே இருப்பது தெரியாத மேகத்துக்குள், கீச்சுக் குரலில் ஒன்று கேட்டது: "நான் மஞ்சக்காலி பொண்ணு பேசறேன்!" மஞ்சக்காலிக்குப் பெருமை தாங்கவில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "கேட்டீங்களா?" என்று ஊரையே கேட்டாள்.

விளையாட்டாகப் பேசுகிறவர் "வலிக்கிறது" என்று சொன்னதும் நிறுத்திவிடுவார்; சொன்ன பிறகும் நிறுத்தாதவர் விளையாடவே இல்லை.