ம் கேட்கிற மேளம்

ஒரு ஊர்ல ஒரு மோட்டார் மேளம் இருந்துச்சாம். அம்மன் கோயில்ல சுவிட்சைப் போட்டா, ஆளே இல்லாம தானா அடிக்கும். டமார் டிங், டமார் டிங்! ம் போடு பட்டு.

ம்.

எப்பப் பாரு அதே டமார் டிங். தொட்டில் பிள்ளை வீல்னு அலறும், ஆடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடும். அப்போ தர்மகர்த்தா சொன்னாரு, "போதும்டா சாமி! சாயங்காலம் பழைய இரும்புக்காரன் வருவான், பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்."

எதிர்த்தாப்புல துணி தைக்கிற அம்சவேணி காதுல அது விழுந்துச்சு. அந்த மேளம் அடிக்க அடிக்கத்தான் அவ தையல் மிஷினை மிதிப்பா. ரெண்டும் தோழிங்க மாதிரி.

அப்போ பார்த்து ரேடியோவுல சொன்னாங்க. சீமையில சில கிறுக்குப் பாட்டுக்காரங்க, காகிதத்துல ஓட்டை ஓட்டையாப் போட்டு பியானோவுக்குள்ள விடுவாங்களாம். பத்து விரலுக்கும் எட்டாத பாட்டை அது தானா வாசிக்குமாம்!

"அடியாத்தி, மிஷினுக்குன்னே பாட்டு கட்டுறாங்களா!" கத்திரியைப் போட்டுட்டு தர்மகர்த்தாகிட்ட ஓடினா. "மாமா, இரும்புக்காரன் வர்ற வரைக்கும் மேளத்தை என்கிட்ட விடுங்க."

"ஏன், அதுக்கு ரவிக்கை தைக்கப் போறியா?"

மூடியைத் திறந்தா ஒரு சக்கரம். சுத்தி முளை முளையா இருக்கு. முளை தட்டினா குச்சி எழும்பி அடிக்கும். ம்?

ம்.

முதல்ல குச்சிக்குத் துணி சுத்தினா. பொத், பொத். "தலகாணியை மொத்துறாப்புல இருக்கு"ன்னாரு மாமா. அப்புறம் துணியை அவுத்துட்டு, முளையை நெருக்கி வெச்சா. டகடகடகடக! பூசாரி தீபாராதனையை விசுக்னு சுத்தி, விபூதியைத் தன் வாயிலயே போட்டுக்கிட்டாரு.

அப்புறம் யோசிச்சா. 'அந்தச் சீமைக்காரங்க பாட்டு ஓட்டையிலதானே இருக்கு?' முளையைப் பழையபடி வெச்சுட்டு, ஒண்ணை மட்டும் பிடுங்கினா.

டமார் டிங்... டமார் டிங்...

நடுவுல ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில தொட்டில் பிள்ளை, "ம்". அப்புறம் எல்லாரும், "ம்".

அப்போ இரும்புக்காரன் வந்துட்டான். "தூக்கட்டுங்களா?"

டமார் டிங்...

"ம்"னுட்டாரு தர்மகர்த்தா!

அவன் கையை வெச்சுட்டான். "மாமா!"ன்னு அலறினா அம்சவேணி.

"ஐயையோ, நான் மேளத்துக்குல்ல ம் போட்டேன்! விடுறா அதை!"

அவன் கையை எடுத்துட்டு, பேரீச்சம்பழத்தை மென்னுக்கிட்டே அவனும் சேர்ந்துக்கிட்டான்.

டமார் டிங்... ம்.

டமார் டிங்...

பட்டு?

டமார்... டிங்...

சரி. கதைக்கும் சுவிட்சை அமத்தியாச்சு, தூங்கு.