ஒன்றரை ஷிப்ட்

திருப்பூரில் ஒரு குரு இருந்தாள். தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. ஒரு ஸ்கூட்டியும் ஒரு கறுப்புக் கோட்டும் உண்டு. பெயர் இளவேனில். தொழிலாளர் வழக்கு பார்க்கிற வக்கீல். வயது முப்பதைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து மாடியில் கூலிக் கணக்கு சொல்லிக்கொடுப்பாள். வருகிற சிஷ்யர்கள் எல்லாரும் அவளைவிட மூத்தவர்கள். அதில் வாய் நீளம் மயிலாத்தாளுக்கு. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் தைக்கிறவள். கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

அன்றைக்குப் படியேறும்போதே மயிலாத்தாள் முகம் சரியில்லை.

"என்னக்கா, போன காரியம் என்னாச்சு?"

"அசிங்கப்பட்டு வந்துட்டேன் அம்மணி."

விஷயம் இதுதான். திருப்பூரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். மேலே நாலு மணி நேரம் இருந்தால் ஒன்றரை ஷிப்ட் என்று எழுதி, ஒன்றரைக் கூலி கொடுப்பார்கள். ஊர்ப் பேச்சே அப்படித்தான். "இன்னிக்கு எத்தனைக்கா?" என்றால் "ஒன்றரை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். அந்த அரைக்குப் பெயர் ஓவர்டைம் என்று யாருக்கும் தோன்றினதே இல்லை. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டினால் சட்டப்படி ரெட்டைக் கூலி. அப்படிப் பார்த்தால் அந்த அரை, அரை இல்லை. ஒன்று.

இதைக் கற்றுக்கொண்டு போன மயிலாத்தாள், சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரத்தில், எல்லார் முன்னாலும் முதலாளி நாச்சிமுத்துவிடம் கேட்டுவிட்டாள். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்தார்.

"எட்டும் நாலும் பன்னண்டு. ஒண்ணும் அரையும் ஒன்றரை. நான் எங்கே ஏமாத்துனேன் மயிலாத்தா?"

"சட்டத்துல ரெட்டைன்னு இருக்குங்க."

"சட்டம் கெடக்கட்டும். நானும் மிஷின்ல ஒக்காந்து வந்தவன்தான். காலையில தெச்சதும் பனியன், ராத்திரி தெச்சதும் அதே பனியன். ஒரே பனியனுக்கு ரெண்டு கூலி எந்த ஊரு நியாயம்? திங்கக்கெழமை வந்து நியாயத்தைச் சொல்லு. ரெட்டையாவே தர்றேன்."

மயிலாத்தாள் சம்பளக் கவரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். பின்னால் எவளோ, "வக்கீல் மயிலாத்தா வாய்தா வாங்கிட்டாடி" என்றாள். லைனே சிரித்தது.

"நாளைக்கும் நான் முழிச்சுட்டு நின்னா, இனி ஒருத்தியும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டா. சொல்லு அம்மணி. ஏன் ரெட்டை?"

இளவேனில் சாவியை எடுத்தாள். "வண்டியில ஏறுங்க."

"நியாயம் கேட்டா பெட்ரோல் செலவு பண்றியே!"

லாரி ஷெட்டுக்குப் போனார்கள். இரண்டு லாரியில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. இளவேனில் ஒரு டிரைவரைப் பிடித்தாள்.

"அண்ணா, இது எங்கே போகுது?"

"தூத்துக்குடி. கப்பல்ல ஏறும்."

"அது?"

"அது ஏர்போர்ட்டுக்கு. ஆர்டர் லேட்டாயிருச்சு. கப்பல்ல அனுப்புனா அங்கே சீசன் முடிஞ்சிரும். அதான் பிளைட்டு."

"வாடகை?"

"அதை ஏன் கேக்கறீங்க! கப்பலுக்கு ஆகறதைப்போலப் பல மடங்கு. போன மாசம் ஒரு முதலாளி பில்லைப் பாத்துட்டு, இதா, இந்தக் கல்லு மேலதான் தலையில கைவெச்சு ஒக்காந்துட்டாரு."

"அந்தப் பெட்டி பெருசோ?"

"அதே பெட்டிதாங்க."

"உள்ளே இருக்கற பனியன் ஒசத்தியோ?"

டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அதே பனியன்தாங்கம்மா. வெயில்ல ரொம்ப சுத்தாதீங்க."

இளவேனில் வண்டியைத் திருப்பினாள்.

பாதி வழிவரை மயிலாத்தாள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கேட்டது கூலி, காட்டினது லாரி, இதுக்கு வீட்டில் துணியாவது துவைத்திருக்கலாம். சிக்னலில் வண்டி நின்றது. முணுமுணுப்பும் நின்றது. சட்டென்று குருவின் முதுகில் ஓர் அடி விழுந்தது.

"அடிப்பாவி அம்மணி!"

திங்கட்கிழமை முதலாளி சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"என்ன, நியாயம் கொண்டாந்தியா?"

மயிலாத்தாள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணு கேக்கறனுங்க. 'அதே பெட்டிதானே, கப்பல் வாடகை வாங்கிக்கோ'ன்னு பிளைட்டுக்காரன்கிட்ட எப்பவாச்சும் சொல்லிப் பாத்தீங்களா?"

பக்கத்து மிஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன.

"அவன் அவசரத்துக்கு வெலை சொல்றான், நீங்களும் குடுக்கறீங்க. பிளைட்டு ஏறாம எத்தனை ஆர்டரை நாங்க ராத்திரி ஒக்காந்து தெச்சுக் கப்பல்ல ஏத்தியிருக்கோம்! உங்க அவசரத்தை நாங்கதான் சுமக்கறோம். கூலின்னு வந்தா மட்டும் நாங்க கப்பலுங்களா?"

பின்னால் எவளோ விசிலடித்தாள். சனிக்கிழமை கேலி செய்தவளேதான்.

நாச்சிமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். நிறையக் குறைகள் உள்ள மனுஷன், ஆனால் சொன்ன சொல் தவற மாட்டார். கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கப்பா. அரை ஷிப்ட்டுக்கு ரெட்டை."

அன்றைக்கு டீ இடைவேளையில் மயிலாத்தாள் நடந்த நடை இருக்கிறதே, தேர் நகர்ந்த மாதிரி இருந்தது. வழிவிடாதவர்கள் இல்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாடிப்படியில் அதே முகம்.

"நியாயம் வந்துச்சு அம்மணி, அரை ஷிப்ட் போச்சு."

"எப்படி?"

"ரெட்டைன்னதும் முதலாளி கணக்குப் போட்டுட்டாரு. அஞ்சரைக்கே பெல் அடிச்சு வீட்டுக்கு அனுப்பறாங்க. கைக்கு வர்றது கொறைஞ்சுபோச்சு. 'உன்ற நியாயத்தை வெச்சு கொழம்பு கூட்டலாமாடி?'ன்னு பக்கத்து மிஷின் ராமாத்தா மூஞ்சிக்கு நேராவே கேக்கறா."

இளவேனில் ஆறுதல் சொல்லவில்லை. "என்னென்ன கொறைஞ்சுது?"

மயிலாத்தாள் விரலை மடக்கினாள். சீட்டுப் பணம். மகள் நகைக்கு ஒதுக்குகிறது. கேஸ் சிலிண்டர். ஞாயிற்றுக்கிழமைக் கறி.

"ஓவர்டைமே இல்லையா?"

"வெள்ளிக்கெழமை ஒரு நாள். ரெண்டு ஷிப்ட் கூலி போட்டாங்க. அதுவும் என்ற மிஷின்கிட்டயே வந்து நின்னான், அந்தச் சூப்பர்வைசர் கதிரேசன். முன்னெல்லாம் வாசல்லயே நின்னு, 'இன்னிக்கு ஒன்றரை, எவளும் எந்திரிக்கப்படாது'ன்னு கத்துவான். இப்ப வந்து நின்னுட்டு, 'அக்கா, அவசரம். இன்னிக்கு ஒரு நாள் இருக்க முடியுங்களா?'ங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கையில இருந்த பீஸை முடிச்சுட்டுத்தான் நிமிந்தேன். மத்தவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

"அவர்?"

"நின்னுட்டு இருந்தான்."

"உங்க பதிலுக்கா?"

"பின்னே? என்ற பதிலுக்குத்தான்."

இளவேனில் அவளுடைய மடக்கின விரல்களைக் காட்டினாள்.

"கொறைஞ்சதெல்லாம் எண்ணிட்டீங்க. அவர் நின்னாரே, அதை எந்த விரல்ல எண்ணுனீங்க அக்கா?"

மயிலாத்தாள் மடக்கின விரல்களைப் பிரித்தாள். குனிந்து குனிந்தே பழகின முதுகு, நாற்காலியில் சாயாமல் நேராக இருந்தது.